பழைய பெட்டியைத் திறக்குமுன்

ஈப்போவிலும் சுற்று வட்டாரத்திலும் கணினி பழுதுபார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். கைப்பேசித் திரை மாற்றுவதும் மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி போடுவதும் சீக்கிரமே கை வந்துவிடும். உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியது வேறு. பத்து, பதினைந்து வருஷம் ஸ்டோர் அறையில் கிடந்துவிட்டு, துருவும் தூசியுமாக ஒருநாள் உன் மேசைக்கு வந்து சேருகிறதே ஒரு பெட்டி, அதை எப்படிக் கையாளுவது என்பதுதான்.

பேராக்கில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். 1950களில் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர்களின் சந்தாப் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார். அப்படியும் எத்தனையோ தோட்டங்கள் கை மாறின. பால் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு தாமான் குடியிருப்புகள் எழுந்தன. லயத்துச் சனம் செம்மோர், புந்தோங், மெங்லெம்பு என்று ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டது. சில இடங்களில் கோயில் மட்டும் நிற்கிறது. அந்தக் கோயிலின் திருவிழாக் கணக்கு, தோட்டப் பள்ளியின் கடைசி வருஷப் படங்கள், மன்றத்துக் கடிதங்கள் எல்லாம் யாரோ ஒரு செயலாளர் வீட்டுக் கணினியில்தான் இருக்கும். வேறெங்கும் பிரதி இருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

1. முதலில் ஆளிடம் கேள், பிறகு பெட்டியைத் தொடு. "என்ன கோளாறு?" என்று கேட்டால் "ஓடல" என்று மட்டும்தான் சொல்வார்கள். "எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேள். தகரக்கூரைக்குக் கீழா, சமையற்கட்டை ஒட்டியா, சாமி அறைப் பக்கமா, பழைய ரப்பர் ஸ்டோரிலா? கடைசியாக எப்போது ஓடியது, அன்றைக்கு இடி இடித்ததா? இந்த வருஷம் ஏன் எடுத்து வந்திருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்போது குரல் மாறுவதைக் கவனி. பெரும்பாலும் வீட்டில் யாரோ தவறியிருப்பார்கள், அவர் படம் அதற்குள் இருக்கும். அவர்களுக்கு வேண்டியது கணினியா, உள்ளே இருப்பதா என்பது அப்போதே தெரிந்துவிடும். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு விலை.

2. மின்சாரம் கொடுக்காதே. வந்தவர் கட்டாயம் சொல்வார், "அண்ணே, ஒருதடவ போட்டுத்தான் பாருங்களேன்." போடாதே. அவர் வீட்டிலேயே போட்டுப் பார்த்திருந்தாலும் நீ போடாதே. வருஷக்கணக்கில் கிடந்த பெட்டிக்குள் ஈரம் இருக்கலாம், பல்லி செத்துக் கிடக்கலாம், கழன்ற திருகு மதர்போர்டுக்கு அடியில் மாட்டியிருக்கலாம். இவை இதுவரை பெட்டியைக் கெடுக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் நீ விசையைத் தட்டும் அந்த நொடியில் கெடுத்துவிடும். பெட்டியை மெல்லச் சாய்த்து, உள்ளே ஏதாவது உருளுகிறதா என்று கேள். பின்பக்கம் பவர் சப்ளையில் சிவப்பு விசை இருந்தால் அது 230-இல் நிற்கிறதா பார். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியிலும், பிள்ளைகள் கை வைத்த பெட்டியிலும் அது 115-இல் நிற்கக்கூடும். அப்படியே நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் வெடிக்கும்.

3. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் மூடியைக் கழற்றாதே. எலி குடியிருந்த பெட்டிக்கு இது கட்டாயம். எலியின் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நம் நாட்டில் உயிரையே வாங்கியிருக்கிறது. கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் அந்த ஈரம் படக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, மேசையைத் துடை, பிறகு சாப்பிடப் போ.

4. உள்ளே குடியிருப்பது எது என்று அடையாளம் தெரிந்துகொள். பல்லி பவர் சப்ளையின் சூட்டைத் தேடிப் போகும். இரண்டு முனைகளுக்குக் குறுக்கே அது படுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எறும்பு பிளக் துவாரங்களிலும் இடுக்குகளிலும் புகுந்து முட்டை வைக்கும். மண் கட்டும் குளவி இருக்கிறதே, அது விசிறிச் சட்டத்தின் மூலையில், விரல் நீளத்துக்கு, ஒன்றை ஒட்டி ஒன்றாகச் செம்மண் குழாய் கட்டிவைக்கும். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அந்த மண் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அடியில் இருக்கும் செம்புத்தடம் பச்சை பூத்துவிடும். தண்ணீர் தெளித்துக் கரைக்கப் பார்க்காதே, சேறாகி எங்கும் ஓடும். காய்ந்த நிலையில் மூங்கில் குச்சியால் பெயர்த்து எடு, பிரஷ்ஷால் தட்டு.

எலிச் சிறுநீர் காய்ந்த போர்டு மட்டும் வேறு மாதிரி. அதில் உப்பு இருக்கிறது, வெறும் துடைப்பு போதாது. பட்டரியைக் கழற்றிவிட்டு, சுத்தமான வடிநீரால் கழுவி, பிறகு 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி அலசி, விசிறிக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் காயவிடு. போர்டைத் தண்ணீரில் கழுவுவதா என்று பயப்படாதே. மின்சாரம் இல்லாத போர்டுக்குத் தண்ணீர் எமன் அல்ல. காய்வதற்குள் மின்சாரம் கொடுக்கும் அவசரம்தான் எமன்.

5. சாமி அறையை ஒட்டி இருந்த கணினியைத் தனியாகக் கவனி. சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெய்க் கரியும் சேர்ந்து ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். காற்றடித்தால் போகாது, கழற்றி ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும், தெர்மல் பேஸ்ட் புதிதாக வைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் பெட்டியின் முகப்பில் இருந்தால் அதைத் துடைக்காதே. காற்றோட்டத் துவாரத்தை அடைத்திருந்தால் மட்டும், வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு, அந்த இடத்தை மட்டும் எடு.

6. தோட்டத்துக் காற்று என்ன செய்யும் என்று படித்துக்கொள். இது எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். ரப்பர் பாலை உறைய வைக்க ஃபோர்மிக் அமிலம் ஊற்றுவார்கள், உறையாமல் வைக்க அம்மோனியா கலப்பார்கள். இரண்டின் ஆவியும் செம்புக்குப் பகை. ரப்பர் ஸ்டோரை ஒட்டிய அலுவலக அறையில் கிராணி மேசைமேல் இருந்த கணினியைத் திறந்தால், வெளியே துரு அதிகம் தெரியாது. ஆனால் செம்பும் பித்தளையும் வெளியே தெரியும் இடமெல்லாம், அதாவது போர்ட் முனைகள், கனெக்டர் ஊசிகள், கம்பி நுனிகள் எல்லாம் கருத்தோ பச்சையாகவோ இருக்கும். புகைக்கூண்டு பக்கம் இருந்தது என்றால் மேலே பழுப்பாக ஒரு படலமும் இருக்கும்.

இப்படி வந்த பெட்டியில் முதலில் கெட்டது மதர்போர்டு என்று முடிவு கட்டாதே. ரேம், கார்டு, கேபிள் எல்லாவற்றையும் கழற்றி, தொடும் முனைகளை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி பொருத்து. தங்கமுலாம் பூசிய விளிம்பை அழிரப்பரால் பரபரவென்று தேய்க்கும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. முலாம் மிக மெல்லியது, ஓயாமல் தேய்த்தால் போய்விடும். ஆல்கஹாலுக்கு மசியாத கறைக்கு மட்டும், மெல்ல, ஒருமுறை. துடைத்துப் பொருத்தினதுமே உயிர் வந்த பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக்கல் குவாரிப் பக்கமிருந்து வரும் பெட்டியில் மாவு போன்ற வெள்ளைத் தூசி இருக்கும். அது விசிறியைத்தான் நிறுத்தும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடி. பிடிக்காமல் அடித்தால் வேகமாகச் சுற்றி அதன் பேரிங் கெடும்.

7. இடியை மறவாதே. கிந்தா பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் மேகம் கருத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். எல்லாரும் மின்சாரப் பிளக்கைப் பிடுங்குவார்கள், தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுவார்கள். தொலைபேசிக் கம்பியில் ஸ்ட்ரீமிக்ஸ் இணையம் வந்த காலத்தில் மோடம் கெட்டதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கம்பி வழியாகத்தான். மோடத்தோடு நிற்காமல், நெட்வொர்க் கேபிள் வழியாகக் கணினிக்குள்ளும் புகும். அப்படி அடி வாங்கிய போர்டில் லேன் துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சிப்பை விளக்கு வைத்துப் பார்: ஊசி முனை அளவு ஓட்டையோ, பொரிந்த புள்ளியோ இருக்கும். மற்றதெல்லாம் நன்றாக இருக்கக்கூடும். பயாசில் அந்த லேனை அடைத்துவிட்டு, தனி நெட்வொர்க் கார்டு ஒன்று போட்டால் தீர்ந்தது. "இடி அடிச்சிருக்கு, எல்லாம் போச்சு" என்று சொல்லிப் புதுக் கணினி விற்காதே.

சர்ஜ் புரொடெக்டர் வாங்கச் சொல்லும் முன், வீட்டு வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று கேள். எர்த் இல்லாத வீட்டில் அது கிட்டத்தட்ட வெறும் நீட்டுப் பிளக்தான்.

8. பட்டரியில் இரண்டு சாதி. வட்டக் காசு போன்ற சிஆர்2032 என்றால் கவலை இல்லை. மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரைக்குக் கீழே காட்டினால் மாற்று. தேதி பின்னால் போனதால் இணையப் பக்கம் எதுவும் திறக்காமல், கணினியே கெட்டுவிட்டது என்று தூக்கி வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் பட்டரி விலைக்கு மேல் பெரிதாக வாங்காதே.

386, 486 காலத்துப் போர்டில் பீப்பாய் வடிவில் ஈயம் வைத்து ஒட்டியிருக்குமே, அது நிக்கல்-கேட்மியம். அதிலிருந்து காரம் கசிந்து சுற்றிலும் உள்ள தடங்களைத் தின்னும். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அதை வெட்டி எடு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெட்டு. கசிந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளை வினிகர் தடவு, நுரை அடங்கியதும் வடிநீரால் கழுவு, பிறகு ஆல்கஹால். தடம் அறுந்திருந்தால் மல்ட்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தேடி மெல்லிய கம்பியால் இணைக்கலாம். பொறுமை இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்.

9. கெப்பாசிட்டரைப் பார்க்கக் கற்றுக்கொள். சுமார் 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் இது பெரிய வியாதி. உள்ளே இருக்கும் திரவத்தின் கலவை சரியில்லாமல், உலகம் முழுக்க லட்சக்கணக்கான போர்டுகள் படுத்தன. பேராக்கில் நம்மவர் வீடுகளுக்குக் கணினி பரவலாக வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதனால் உன் மேசைக்கு இது வந்துகொண்டே இருக்கும்.

சிபியுவைச் சுற்றி வரிசையாக நிற்கும் உருளைகளைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார். தலையில் சிலுவையோ கே எழுத்தோ கீறியிருக்கும். அது தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் போய்விட்டது என்று அர்த்தம். கீறல் வழியாகப் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தாலும் போய்விட்டது. தலை தட்டையாகவே இருந்து, அடியில் ரப்பர் பிதுங்கி, சற்றே சாய்ந்து நிற்பதும் உண்டு. அதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். இரண்டு மூன்று தடவை தட்டினால்தான் ஓடுகிறது, சூடானபின் சரியாகிவிடுகிறது, திடீரென்று தானாக மறுபடி தொடங்குகிறது என்று வந்தவர் சொன்னால் நேரே இங்கே பார்.

மாற்றும்போது: அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, குறைந்த உள்தடை உள்ள வகை. கண்ட இடத்தில் கிடைப்பதைப் போடாதே. கழற்றும் முன் படம் எடுத்துக்கொள். ஏனென்றால் போர்டில் நிழல் போட்ட பக்கம் சில தயாரிப்பாளர்களுக்கு நெகட்டிவ், சிலருக்கு பாசிட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். கிரவுண்ட் பக்கத்துக் கால் சீக்கிரம் சூடேறாது, போர்டு சூட்டை இழுத்துக்கொள்ளும். வலிந்து பிடுங்கினால் துவாரத்தின் உள்பூச்சு உரிந்து வரும். அந்த இடத்தில் புது ஈயம் கொஞ்சம் ஏற்று, நல்ல சூடுள்ள இரும்பை வை, இரண்டு காலையும் மாற்றி மாற்றி இளக்கிச் சாய்த்துச் சாய்த்து எடு. ஓட்டைப் போர்டு ஒன்றை வாங்கி, அதில் கை பழகிய பிறகு வாடிக்கையாளர் போர்டைத் தொடு.

10. பவர் சப்ளையையும் பழைய குண்டு மானிட்டரையும் முதல் வருஷம் திறக்காதே. பவர் சப்ளைக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். வண்ண மானிட்டரின் படக்குழாயில் இருபதாயிரத்துக்கும் மேல். தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்காமல் இதில் விளையாட்டே கூடாது.

11. வெள்ளத்தில் மூழ்கியது வந்தால், 2014 டிசம்பரில் கோலாகங்சார் பக்கம் வெள்ளம் ஏறியதுபோல் நாளை இன்னொன்று வரத்தான் செய்யும், இரண்டு விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள். போர்டை நான்காவது அறிவுரைப்படி கழுவிக் காயவை. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் காயவைக்காதே. அதன் மூடியில் காற்றுத் துவாரம் உண்டு, சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். காய்ந்தால் சேறு தட்டின்மேல் இறுகும். ஈரத்தோடு காற்றுப்புகாத பையில் போட்டு, தரவு மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்பு, கட்டணத்தை முன்னாலேயே வீட்டாரிடம் சொல். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் ஒரு பயனும் இல்லை.

12. நல்ல ஹார்ட் டிஸ்க்கானாலும் முதல் வேலை பிரதி எடுப்பது. பழுதுபார்ப்பதும் விண்டோஸ் ஏற்றுவதும் வைரஸ் துடைப்பதும் அதற்குப் பிறகுதான். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டு. லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் வழித்தெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செக் டிஸ்க் ஓட்டாதே, அது எழுதும், எழுதினால் இருப்பதும் போகும். "டக், டக்" என்று சீராகத் தட்டும் ஓசை கேட்டால் அக்கணமே நிறுத்து. குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்த மறுகணம் தட்டின்மேல் பனி பூக்கும், தலை அதில் உரசும். செய்யாதே.

13. தமிழ்க் கோப்புகளைக் குப்பை என்று அழிக்காதே. இதுதான் நான் எழுதுவதிலேயே முக்கியமானது, மற்றதெல்லாம் எந்தக் கடையிலும் கற்றுக்கொள்ளலாம்.

நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 1990களில் கோயில் நிருவாகம், தமிழ்ப்பள்ளி, சங்கம் எல்லாம் முரசு அஞ்சலில் தட்டச்சு செய்தன. விண்டோஸில் தமிழ் யூனிகோடு வந்தது விண்டோஸ் 2000-இல்தான், பரவலானது அதற்கும் பின்னால். அதுவரை தமிழ் எழுத்துகளை, ஐரோப்பிய மொழிகளின் புள்ளியும் கோடும் வைத்த எழுத்துகள் இருக்க வேண்டிய குறியீட்டு எண்களில் உட்கார வைத்திருந்தார்கள். எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் பிரெஞ்சு எழுத்துகள் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, "ஃபைல் கெட்டுப்போச்சு, வைரஸ்" என்று சொல்லி அழிக்கிறார்கள். ஒரு தோட்டத்துக் கோயிலின் கூட்டக் குறிப்புகள் அப்படித்தான் போகின்றன.

நீ செய்ய வேண்டியது: ஆவணங்களை எடுக்கும்போது, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக எடு. கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று வேர்டில் பார்த்துக் குறித்துக்கொள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் குறியீடு வேறாக இருக்கலாம். தஸ்கி போன்ற பழைய குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிரதியை எடுத்தபின்னும் மூலக் கோப்பை அப்படியே வைத்திரு. மாற்றும்போது ஒகர ஓகாரமும் கொம்பும் இடம் மாறிப் போவது உண்டு. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பக்கமாவது சரிபார். உனக்கு வாசிக்க வராவிட்டால், தயங்காமல் உன் பாட்டியைக் கூப்பிடு.

பிளாப்பி தட்டுகள் வந்தால், மூடியை நகர்த்தி உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் இருக்கிறதா பார். இருந்தால் டிரைவில் போடாதே. பூஞ்சணம் தலையில் ஒட்டும், அடுத்து வரும் தட்டையும் கெடுக்கும். உறையைப் பிரித்து, தட்டை ஆல்கஹாலால் மென்மையாகத் துடைத்து, வேறு உறையில் மாற்றிப் போட்டுப் படி.

14. உள்ளே இருப்பதைப் படிக்காதே, பார்க்காதே, யாருக்கும் காட்டாதே. கோப்பு திறக்கிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு போதும். பிரதியை வீட்டார் சரி என்று சொன்னபின் உன் கணினியிலிருந்து அழி. 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், பெண்பிள்ளைகள் படம் இருக்கும் பெட்டியை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

15. முடியாததை முடியாது என்று சொல். சரிசெய்ய முடியாத பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடாதே. மின்னணுக் கழிவு நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 110 என்று பட்டியலிட்ட கழிவு. சுற்றுச்சூழல் துறை அனுமதி பெற்ற இடத்தில் கொடு. செம்புக்காகக் கேபிளைக் கொளுத்தும் ஆளோடு கூட்டு வைக்காதே. அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும்.

16. திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு பிரதியாகக் கொடு: ஒன்று வீட்டுக்கு, மற்றது வேறு ஊரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ. கோயில் ஆவணம் என்றால் தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று. பென்டிரைவை அலமாரியில் போட்டு மறந்தால் அதுவும் சில வருஷத்தில் கைவிடக்கூடும் என்று சொல்லி அனுப்பு, ஆண்டுக்கொரு முறை மாட்டிப் பார்க்கச் சொல். பழைய ஹார்ட் டிஸ்க்கை நிலைமின் தடுக்கும் பையில் போட்டு, மேலே குடும்பப் பெயர், தோட்டத்தின் பெயர், எழுத்துருவின் பெயர், தேதி எழுதி ஒட்டு. ரசீதிலும் அதையே எழுது.